ஏட்டையா பதில்கள்: ஷெரிப்புக்கு ஓட்டு, ஏட்டுக்கு மாறுதல்

மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்ததையும், அங்கே ஒரு குக்கிராமத்தில் ஷெரிப் ஆபீஸ் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டதையும் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் சி.எஸ்.ஆர். ரசீது, பாஸ்போர்ட் விசாரணை, பக்கத்து வீட்டு வேலித் தகராறு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தத் தடவை ஷெரிப் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேலித் தகராறு அண்ணாச்சி கோபிக்க வேண்டாம், சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கிற வரைக்கும் கம்பியில் கை வைக்காமல் இருங்கள்.

ஷெரிப் என்றால் நம்மூர்க் கணக்கில் எஸ்.பி.யா, இன்ஸ்பெக்டரா? தொப்பி, நட்சத்திரம், குதிரை, இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.
(வாசகர், வள்ளியூர்)

ரெண்டும் இல்லை. கொஞ்சம் எஸ்.பி., கொஞ்சம் ஜெயில் சூப்பிரண்டு, கொஞ்சம் கோர்ட் அமீனா, ஊர் ரொம்பச் சின்னது என்றால் கொஞ்சம் தாசில்தார். எல்லாம் ஒரே ஆள்.

அங்கே மாநிலத்துக்குக் கீழே கவுண்டி என்று ஒரு பிரிவு. நாடு முழுக்க 3,000-க்கு மேலே இருக்கிறது, டெக்சாஸில் மட்டும் 254. நம் ஊரில் டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லாம் மாநகரக் கமிஷனர் கையில், களக்காடும் திசையன்விளையும் மாவட்ட எஸ்.பி. கையில் என்று பிரித்திருக்கிறதே, கிட்டத்தட்ட அப்படித்தான். நகராட்சி உள்ள ஊருக்கு அந்த ஊரே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற போலீஸ் தனி, நகராட்சி இல்லாத வயல்காடு, பண்ணை, பொட்டல், நெடுஞ்சாலை ஓரம் எல்லாம் ஷெரிப்புக்கு. அவருக்குக் கீழே டெபுட்டிகள். அந்த டெபுட்டிகளை வேலைக்கு எடுப்பவரும் அவர்தான், நம்மைப் போல சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் சென்னையிலிருந்து பட்டியல் அனுப்புவதில்லை.

இதோடு கவுண்டி ஜெயில் அவர் பொறுப்பு. கோர்ட்டுக்குக் காவல் அவர் பொறுப்பு. கோர்ட் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது, வாடகை பாக்கி வீட்டைக் காலி செய்வது, ஜப்தி, இதெல்லாமும் அவர் ஆட்கள்தான் செய்கிறார்கள். டெக்சாஸில் 10,000 பேருக்கும் குறைவாக மக்கள் இருக்கிற கவுண்டி என்றால், அங்கே தனி ஆள் வேண்டும் என்று ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சொல்லாதவரை, வரி வசூலும் ஷெரிப் தலையில். கலிபோர்னியாவில் பல கவுண்டிகளில் சந்தேக மரணத்துக்கு விசாரணை நடத்திக் காரணம் எழுதுகிற அதிகாரியும் ஷெரிப்பேதான். நாங்கள் சந்தேக மரணத்துக்கு 174-வது பிரிவில் வழக்குப் போட்டுவிட்டு (இப்போது அது 194) போஸ்ட்மார்ட்டம் அறிக்கைக்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்ததை நினைத்துப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம், அவர் ஓட்டு வாங்கி வருகிறவர். பெரும்பாலான மாநிலங்களில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். கட்சிச் சின்னத்தில் நிற்கிறவர்களே அதிகம். வீட்டுத் தோட்டத்தில் கம்பு நட்டு அவர் பேரை எழுதி வைத்திருப்பார்கள், நம்மூரில் வார்டு கவுன்சிலருக்குச் சுவரெழுதுகிற மாதிரி. டெக்சாஸில் இன்னொன்றும் உண்டு. கவுண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து அதற்கெல்லாம் கான்ஸ்டபிள் என்று ஒருவர், அவருக்கும் தேர்தல். 1982-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஆயுதப்படையில் சில வருஷம் துப்பாக்கியும் பூட்ஸும் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, கான்ஸ்டபிளுக்கு ஜனங்கள் க்யூவில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள் என்று மருமகன் சொன்னபோது காபி புரையேறிவிட்டது.

நீங்கள் போய்ப் பார்த்தது எந்த ஊர்? ஷெரிப்பிடம் பேசினீர்களா?
(கல்லூரி மாணவி, சேரன்மகாதேவி)

மருமகனுக்கு எண்ணெய்க் கிணறு சம்பந்தப்பட்ட வேலை, வீடு ஒடெஸ்ஸாவில். ஒரு சனிக்கிழமை மேற்கே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் கார் ஓட்டிக் கூட்டிக்கொண்டு போனார். லவிங் கவுண்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே மொத்தம் 64 பேர். ஆயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, அதில் 64 பேர்! எங்கள் தெருவில் பெருமாள் கோயில் முக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எண்ணினாலே அதற்கு மேல் வரும். தலைநகர் மென்டோன், ஒரு கோர்ட் கட்டிடம், நாலைந்து வீடுகள், சுற்றிலும் பொட்டல். நம்ம விஜயநாராயணம் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையை எல்லாம் பிடுங்கிவிட்டு எண்ணெய் இறைக்கிற இரும்புக் குதிரைகளை நிறுத்தி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. லாரி மட்டும் ஓயாமல் போகிறது. குடியிருப்பவர்கள் 64 பேர்தான் என்றாலும் எண்ணெய் வேலைக்கு வந்துபோகிறவர்கள் ஏராளம், அந்த லாரி விபத்துகளும் இரும்புத் திருட்டும்தான் இங்கே தலைவலி என்று மருமகன் சொன்னார்.

ஷெரிப் இல்லை, சனிக்கிழமை. வேறு ஒரு கவுண்டியில் ஒரு டெபுட்டியோடு இருபது நிமிஷம் பேசினேன், அதைக் கீழே சொல்கிறேன்.

நம்மூர் ஸ்டேஷனுக்கும் அந்த ஊர் ஷெரிப்புக்கும் அன்றாட வேலையில் அப்படி என்ன வித்தியாசம்? திருட்டு எங்கேயும் திருட்டுதானே?
(வாசகர், மூலைக்கரைப்பட்டி)

மூலைக்கரைப்பட்டியிலிருந்து கேட்டதால் ஆட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

1996 என்று ஞாபகம், அறுவடை முடிந்த நேரம். உங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு வயலில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி (ஆட்டு மந்தைக்காரர்) ஒருவர் கிடை போட்டிருந்தார். ராத்திரி நாலு செம்மறி காணாமல் போய்விட்டது. காலையில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பாராவில் நின்ற பையன் உள்ளேயே விடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் கிடை என்றால் என்ன என்று அவருக்கு முதலில் நான் விளக்க வேண்டியிருந்தது. உர விலைக்குப் பதிலா ஆட்டை வயலில் படுக்க வைக்கிறதுக்குப் பணம் கொடுப்பாங்களா என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார். கொடுப்பார்கள் ஐயா, நெல்லாகவும் கொடுப்பார்கள் என்றேன்.

மறுநாள் செவ்வாய், மேலப்பாளையம் சந்தை. விடிவதற்கு முன்னால் கீதாரியை டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன், மப்டியில். அந்தக் கூட்டத்தையும் தூசியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயிரம் ஆட்டில் நாலைத் தேடுவது எப்படி என்று. நான் காது வெட்டைப் பார்த்துக்கொண்டே போகிறேன், அவர் ஆட்டுக்கெல்லாம் வலது காதில் அரைவட்டமாக ஒரு வெட்டு. கீதாரி காதையே பார்க்கவில்லை. வடக்குச் சுவர் ஓரமாகப் போய் நின்று, நாக்கை அண்ணத்தில் ஒட்டி, இரண்டு தடவை ஒரு சத்தம் கொடுத்தார், அதை எழுத்தில் எழுத வராது. ஒரு மினி லாரிக்குப் பின்னால் கட்டியிருந்த கூட்டத்திலிருந்து மூணு தலை நிமிர்ந்தது. "நாலாவது எங்கன?" என்று கேட்டுவிட்டு, "வித்துட்டான் போல" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஆட்டை வைத்திருந்த வியாபாரி பாவம், காசு கொடுத்து வாங்கியவர். விற்றவன் யார் என்று அவர் சொன்ன அடையாளம் ஒரு நெட்டைப் பையன், இடது கையில் கட்டு. அவ்வளவுதான். அந்தக் கட்டு எனக்குப் போதும். அதற்கு முந்தின வாரம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது தகராறில் கையை ஒடித்துக்கொண்டவன் யார் என்று பந்தோபஸ்துக்குப் போன எனக்குத் தெரியும், கட்டுப் போட்டுவிட்ட வைத்தியர் யார் என்றும் தெரியும். பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் இருந்தான்.

இப்போது டெபுட்டி விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் பங்கை ஒட்டின சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயசு இருக்கும். நானும் போலீஸ் என்று மருமகன் சொல்லிவைக்க, எழுந்து வந்து கை கொடுத்தார். மருமகன் மொழிபெயர்க்க, நான் கேட்ட முதல் கேள்வியே ஆடு மாடு திருட்டுதான். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. மாட்டுக்குச் சூடு போட்ட குறியைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்களாம், குறியை எல்லாம் கவுண்டி ஆபீஸில் பதிந்து வைக்க வேண்டும். கால்நடை வளர்ப்போர் சங்கமே தனியாக ஆட்களை வைத்திருக்கிறது, அவர்களுக்கு மாநில அரசு போலீஸ் அதிகாரம் கொடுத்திருக்கிறது, சந்தை சந்தையாகப் போய்க் குறியைச் சரிபார்ப்பார்கள். சரி, குறியில்லாத கன்றுக்குட்டி காணாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். யார் வீட்டுப் பையன் புதுசாக டிரக் வாங்கியிருக்கிறான் என்று பார்ப்போம் என்றார்.

அந்த ஒரு பதிலில் நானும் அவரும் ஒரே ஸ்டேஷன்காரர்கள் ஆகிவிட்டோம்.

வித்தியாசம் எது என்றால், தூரம். ஒரு போன் வந்தால் அவர் எண்பது கிலோமீட்டர் தனியாகப் போக வேண்டும், பின்னால் இன்னொரு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகலாம், எதிரே கதவைத் திறக்கிறவன் கையில் துப்பாக்கி இருக்கும், அது சட்டப்படி அவன் வைத்திருப்பது. நாங்கள் லத்தியோடு ரெண்டு பேராகப் போவோம், பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிடும், அந்தக் கூட்டம்தான் எங்களுக்குப் பிரச்சினை. அவருக்குக் கூட்டமே இல்லாததுதான் பிரச்சினை. ஆள் வேண்டும் என்றால் ஊர் ஜனங்களைத் துணைக்கு அழைக்கிற அதிகாரம் ஷெரிப்புக்குப் பழைய காலத்திலிருந்து உண்டு. நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 37-வது பிரிவு அப்படி ஒன்று இருந்தது, போலீஸ் நியாயமாகக் கேட்டால் பொதுஜனம் உதவ வேண்டும் என்று. முப்பத்தேழு வருஷ சர்வீஸில் நான் அதைச் சொல்லி யாரையும் கூப்பிட்டதில்லை. சொல்லியிருந்தால் "எந்தப் பிரிவு ஏட்டையா?" என்று டீக்கடையில் ஒரு மாதம் கேலி ஓடியிருக்கும்.

நம் ஊரிலும் இன்ஸ்பெக்டருக்குத் தேர்தல் வைத்தால் லஞ்சம் ஒழியுமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

தெய்வமே. முதலில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அங்கேயும் லஞ்சம் ஒழியவில்லை. அலபாமா மாநிலத்தில் ஜெயில் கைதிச் சாப்பாட்டுக்கு வருகிற பணத்தில் மிச்சம் பிடித்தால் அதை ஷெரிப்பே வைத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டம் ஒன்றைக் காட்டி வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் பத்திரிகையில் நாறின பிறகுதான் அதற்கு முடிவு கட்டினார்கள். ஜெயித்து வந்தவர், யார் கேட்பது?

இங்கே வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேட்பாளர் மனு கொடுத்த அன்றைக்கே எந்தத் தெரு யாருக்கு என்று கணக்கு எழுதிவிடுவார்கள். சாதிக் கணக்கு முடிந்த பிறகுதான் ஆள் எப்படி என்ற பேச்சே வரும். ஜெயித்தவர் நாற்காலியில் உட்காரும்போது, ஓட்டுப் போட்டவன் மகனைப் பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள், வாசலில் முந்நூறு பேர் நிற்பார்கள், தோற்ற தெருக்காரன் புகார் கொடுக்கவே வரமாட்டான். நான் வேண்டாம் என்கிற கட்சி.

ஆனால் அங்கே ஒன்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷெரிப் அந்தக் கவுண்டிக்காரராக இருந்தாக வேண்டும். பக்கத்துக் கவுண்டியில் வீடு வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்க முடியாது. நம்மிடம் நேர் எதிர். சொந்த ஊர் ஸ்டேஷன் கூடாது, தேர்தல் வந்தால் சொந்த மாவட்டமே கூடாது, நாலு வருஷத்தில் மூணு வருஷம் ஒரே மாவட்டத்தில் இருந்துவிட்டாலும் மாற்று என்று தேர்தல் ஆணையம் சொல்லும். ஊரோடு ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, அதில் நியாயம் இருக்கிறது. பலன் என்ன? இன்ஸ்பெக்டர் வருவார், எந்த ஓடை எங்கே போகிறது, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் எத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கோயில் கொடையில் யாருக்கு முதல் மாலை என்று புரிந்துகொள்ள ஒரு வருஷம், புரிந்ததும் மாறுதல் உத்தரவு. நான் சேர்ந்ததிலிருந்து எனக்கு மேலே எத்தனை இன்ஸ்பெக்டர்கள் வந்து போனார்கள் என்று ஒரு தடவை எண்ணப் பார்த்தேன், இருபத்தாறில் பேர் மறந்துவிட்டது.

அப்போது ஊரைத் தெரிந்துவைத்திருப்பது யார்? ஸ்டேஷன் ரைட்டரும் பழைய ஏட்டும். மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் அவர்கள்தான். புது எஸ்.ஐ. வந்ததும் முதல் நாள் ராத்திரி மெதுவாகக் கேட்பார்: "ஏட்டையா, இந்த ஊர்ல யாரை நம்பலாம்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறவன், நல்லவனாக இருந்தால் ஊர் பிழைத்தது, இல்லாவிட்டால் கட்டப்பஞ்சாயத்துதான். அவனுக்கு ஓட்டும் கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. சர்வீஸில் நான் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன்.

மெட்ராஸ் ஷெரிப் என்று ஒருவர் இருந்தாரே, அவரும் இவரும் ஒன்றா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

சார் சரியாகப் பிடித்தீர்கள். ரெண்டுக்கும் வேர் ஒன்று. இங்கிலாந்தில் ஷயர் என்றால் மாவட்டம் மாதிரி, ரீவ் என்றால் ராஜாவின் மணியக்காரர். ஷயர் ரீவ் மருவி ஷெரிப். அங்கிருந்து ஒரு கிளை அமெரிக்கா போய்த் துப்பாக்கி கட்டிக்கொண்டது, இன்னொரு கிளை கம்பெனிக்காரர்களோடு பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை, கல்கத்தா, பம்பாய் வந்தது. கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற வேலையாக ஆரம்பித்து, கடைசியில் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவரை வருஷத்துக்கு ஒரு தடவை நியமித்து வரவேற்புக்கு மாலை பிடிக்கச் சொல்லுகிற கௌரவப் பதவியாகிவிட்டது. 1998-ல் சென்னையில் எடுத்துவிட்டார்கள். ஒருத்தரும் அழுததாகத் தெரியவில்லை.

நம் நெல்லைச் சீமையில் பழைய காலத்தில் ஷெரிப் மாதிரி யாரும் இருந்ததில்லையா?
(வாசகர், கயத்தாறு)

கயத்தாற்றிலிருந்து இந்தக் கேள்வி! உங்கள் ஊரில்தான் அய்யா அந்தக் கதையே ஒரு வகையில் முடிந்தது.

பாளையக்காரர்கள் காலத்தில் காவல் என்பதே ஒரு உரிமை. ஒரு ஊருக்குள் மட்டும் என்றால் ஸ்தலக்காவல், ஒரு வட்டாரத்துக்கே என்றால் திசைக்காவல். குடிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு மாடு திருட்டுப் போனால் அவர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் நஷ்டத்தைத் தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். எந்த போலீஸ் மானுவலிலும் இப்படி ஒரு விதியை நான் பார்த்ததில்லை. களவு போனதைப் பிடிக்க முடியாவிட்டால் ஏட்டு சம்பளத்தில் பிடித்தம் என்று வைத்திருந்தால் நான் ஓய்வு பெறும்போது அரசாங்கத்துக்குக் கடன்பட்டிருப்பேன்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. துப்புக்கூலி என்று ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருப்பீர்கள். மாடு எங்கே நிற்கிறது என்று துப்புச் சொல்லக் கூலி. சில இடத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவனும் துப்புச் சொன்னவனும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். காவல் கட்டணம் கொடுக்காத ஊரில்தான் திருட்டு அதிகம் நடக்கும். ஊர்க்காரனே காவல் என்பதில் உள்ள பலமும் ஆபத்தும் அதுதான், அலபாமா ஜெயில் சாப்பாடும் இதே ரகம்.

1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனி பாளையக்காரர்களின் காவல் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது, ஆனால் ஊர்க்காவல் அத்தனை சீக்கிரம் ஓயவில்லை, நெல்லைப் பக்கம் அதற்கப்புறமும் பல பத்து வருஷம் நடந்தது. 1859 சட்டம் வந்து சம்பளப் போலீஸ் ஏற்பட்டது. ஊரளவில் கிராம முன்சீப்பும் தலையாரியும் மிஞ்சினார்கள். சின்ன வழக்குகளை முன்சீப்பே விசாரித்த காலம் ஒன்று உண்டு. 1980-ல் பரம்பரை கிராம அதிகாரிகளை ஒழித்து வி.ஏ.ஓ.வைக் கொண்டுவந்தார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு முன்னாள் முன்சீப் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால், சப்-இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் எழுந்துவிடுவார், அப்புறம் சுதாரித்து உட்காருவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசியில் நம்மிடம் மாறுதலே இல்லாத காவல் என்று மிச்சம் இருப்பது சுடலைமாடன் ஒருவர்தான். அவருக்கும் ஓட்டு கிடையாது, கொடை உண்டு.

ஷெரிப் வேலை பார்த்துப் பெரிய ஆளானவர் யாராவது உண்டா?
(வாசகர், திசையன்விளை)

ஜனாதிபதியே ஆகியிருக்கிறார். குரோவர் கிளீவ்லாந்து, நியூயார்க் மாநிலத்தில் ஈரி கவுண்டிக்கு 1871 முதல் 1873 வரை ஷெரிப். தூக்குத் தண்டனையை நிறைவேற்றுவதும் அந்தக் காலத்தில் ஷெரிப் வேலை. பத்து டாலர் கொடுத்தால் டெபுட்டி செய்துவிடுவார், அப்படித்தான் மற்றவர்கள் செய்தார்கள். இவர் தான் செய்ய வேண்டிய வேலைக்கு இன்னொருவன் ஏன் மனசு நோக வேண்டும் என்று இரண்டு பேருக்குத் தானே லீவரை இழுத்தார். பின்னால் தேர்தலில் எதிராளிகள் இதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். இரண்டு முறை ஜனாதிபதியானார், நடுவில் ஒரு முறை தோற்றும் போனார்.

பாளையங்கோட்டை ஜெயிலுக்கு நான் எஸ்கார்ட் போன நாட்களில், கைதியை வார்டரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியதும் ஒரு பெருமூச்சு வரும். ஷெரிப்புக்கு அந்தப் பெருமூச்சு இல்லை. பிடித்தவரும் அவரே, பூட்டுகிறவரும் அவரே.

நான் போலீஸ் லைனில் குடியிருக்கிறேன், வீட்டுக்காரர் முதல்நிலைக் காவலர். ஷெரிப் பொண்டாட்டிகளாவது தீபாவளிக்குப் புருஷனைப் பார்ப்பார்களா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பார்ப்பார்கள் அம்மா, ஏனென்றால் ஜெயிலுக்குள்ளேயே குடியிருந்தார்கள். விளையாட்டில்லை. கிராமத்துக் கவுண்டிகளில் பல இடத்தில் ஜெயிலும் ஷெரிப் வீடும் ஒரே கட்டிடம், முன்பக்கம் வீடு, பின்பக்கம் லாக்கப். நடுவில் ஒரு கதவு. போன நூற்றாண்டின் பாதி வரைக்கும் கூட இப்படி இருந்தது. கைதிகளுக்குச் சமைப்பது ஷெரிப் சம்சாரம். பெண் கைதி வந்தால் சோதனை போடுவதும் அவர். ராத்திரி போன் வந்தால் எடுப்பதும் அவர். பல வருஷம் சம்பளமே கிடையாது, கொடுத்த இடத்திலும் சொற்பம். இப்போது அந்த மாதிரிக் கட்டிடங்கள் சிலவற்றை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றின் படத்தை மகள் காட்டினாள், சமையலறைச் சுவரில் தட்டு தள்ளுகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை.

அந்தப் படத்தை என் சம்சாரம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் வீட்டில் எங்களுக்கு ஒரு அறை, ஒரு அடுக்களை, மழை பெய்தால் ஓட்டுக்குக் கீழே மூணு பாத்திரம். "நாலு வீட்டுக்கு ஒரு குழாய்னு சண்டை போட்டோமே, இவ முப்பது பேருக்குப் பொங்கிப் போட்டிருக்கா" என்றாள். அப்புறம், "ஆனா இவ வீட்டுக்காரன் வீட்ல இருந்திருக்கான்" என்றாள். முப்பத்தேழு தீபாவளியில் நான் வீட்டில் எண்ணெய் தேய்த்தது ஆறு. ஆனித் தேரோட்டத்துக்கும் ஆடி அமாவாசை காரையாறு பந்தோபஸ்துக்கும் போய்விட்டு வந்து சொன்ன கதைகளை அவள் இதுவரை நம்பியதில்லை.

பெண் ஷெரிப்கள் உண்டா?
(வாசகி, ஏர்வாடி)

உண்டு. நான் போன அதே லவிங் கவுண்டியில் 1945-ல் எட்னா ரீட் கிளேட்டன் டெவீஸ் என்பவர் ஷெரிப் ஆனார், டெக்சாஸில் ஓட்டு வாங்கி ஷெரிப்பான முதல் பெண். துப்பாக்கி வைத்துக்கொள்ளவில்லை. பதவிக்காலம் முழுக்கக் கைது செய்தது இரண்டே பேரை. தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸில் சேர்ந்தது 1973-ல்தான், முதல் மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில். இப்போது எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் எஸ்.ஐ.யும் பெண், பாராவும் பெண், நான் போனால் "ஏட்டையா, உக்காருங்க" என்று நாற்காலி போடுகிறார்கள். என் காலத்தில் யாருக்கும் நாங்கள் நாற்காலி போட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஷெரிப் ஆக என்ன படிக்க வேண்டும்? நம்மூரில் போலீஸ் ஆக என்ன தயாரிப்பு?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், பணகுடி)

தம்பி, ஷெரிப்புக்குப் பல மாநிலத்தில் போலீஸ் அனுபவமே இல்லாமல் நிற்கலாம், ஓட்டு இருந்தால் போதும். உனக்கு அது ஆகாது. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி, எஸ்.ஐ.க்கு ஏதாவது ஒரு டிகிரி. ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். கயிறுதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது, மைதானத்துக்குப் போகிற அன்றைக்கு முதல் தடவையாகக் கயிற்றைத் தொடாதே. தமிழ்த் தகுதித் தேர்வை லேசாக நினைத்து விழுந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நீங்கள் உங்கள் ஊரில் ஷெரிப் தேர்தலில் நின்றால் எத்தனை ஓட்டு விழும்?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒருவர், களக்காடு. கையெழுத்தைப் பார்த்தால் என்னோடு ரைட்டராக இருந்தவர் மாதிரி தெரிகிறது.)

கணக்குப் போட்டுப் பார்த்தேன் வே. மேலத்தெருவில் 1994-ல் மோட்டார் திருட்டில் மூணு வீட்டுப் பையன்களைப் பிடித்தேன், அந்தத் தெரு மொத்தமும் போச்சு. அதில் ஒருத்தன் இப்போது வள்ளியூரில் பெரிய கடை வைத்திருக்கிறான், பார்த்தால் கும்பிடுவான், ஆனால் ஓட்டு வேறு விஷயம். கீழத்தெருவில் மோட்டாரைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு குடும்பம், ஒன்று எனக்கு. இன்னொன்று, மோட்டார் கிடைத்தது, உள்ளே காயில் இல்லை என்று இன்றைக்கும் என் மேல் வருத்தம். சொந்தக்காரர்களில் ஹெல்மெட் கேஸை முடித்துக் கொடுக்கவில்லை என்று பாதிப்பேர் பேசுவதில்லை. சம்சாரம் யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஓட்டுப் போடுகிற ஆள் ஒருவர் உண்டு, அந்தக் கீதாரி. இப்போதும் அறுவடை முடிந்து இந்தப் பக்கம் கிடை போட வந்தால் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவருக்கு ஓட்டு ராமநாதபுரத்தில் இருக்கிறது.